ஏன் தோற்றேன் என்று சொல்லுங்கள்

"கேஸ் தோத்ததுக்கு நான் அழலை, வக்கீல் தம்பி. எதனால தோத்தேன்? அதை மட்டும் சொல்லுங்க."

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடைகளில் இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டவர் ஒரு பெரியவர். வயலுக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டிருந்தார். தீர்ப்பின் நகல் கையில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிக்கு முந்திய பக்கம் வரை வாதி என்ன சொன்னார், பிரதிவாதி என்ன சொன்னார், யார் யார் சாட்சிக் கூண்டு ஏறினார்கள், எந்தெந்த ஆவணம் குறியீடு செய்யப்பட்டது என்று ஒழுங்காக வரிசைப்படுத்தியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. ஆவணங்கள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. வாதி தன் வழக்கை நிரூபிக்கவில்லை. ஆகவே வழக்கு தள்ளுபடி.

"எங்க அப்பா கிரயப் பத்திரத்துல பாதை பாத்தியம்னு எழுதியிருக்கு. கோர்ட்டு கமிஷனர் வந்து அளந்து பிளான் போட்டாரு. அதை ஜட்ஜய்யா பார்த்தாரா, பார்க்கலையா? பார்த்துட்டு செல்லாதுன்னு சொன்னாரா?"

கேள்வி நியாயமானது. அந்தத் தீர்ப்பை நானும் இரண்டு முறை புரட்டினேன். பதில் அதில் இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு அவருக்கு நான் விளக்கியதைத்தான், கொஞ்சம் விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 20-ஆம் கட்டளை, 4-ஆம் விதி. ஒரு தீர்ப்பில் வழக்கின் சுருக்கம் வேண்டும், எதை முடிவு செய்ய வேண்டும் என்பது வேண்டும், முடிவு வேண்டும், அந்த முடிவுக்கான காரணமும் வேண்டும். அடுத்த விதி இன்னும் ஒரு படி போகிறது. வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்வியாக வனைந்த எழுவினா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவையும் காரணத்தையும் சொல்லச் சொல்கிறது. ஓர் எழுவினாவின் விடையிலேயே வழக்கு முடிந்துவிட்டால் மட்டும் மற்றவற்றை விடலாம். சிறு வழக்கு நீதிமன்றங்களுக்கு விலக்கு உண்டு; அங்கே பிரச்சினையும் முடிவும் போதும். குற்ற வழக்கிலும் இதேதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393-ஆம் பிரிவு சொல்கிறது.

பெரியவரின் தீர்ப்பில் இந்த நான்கில் மூன்று இருந்தன. நான்காவதான காரணத்தைக் காணோம்.

"அதான் எழுதியிருக்காங்களே, நிரூபிக்கலைன்னு. அது காரணம் இல்லையா?" என்று பக்கத்து பெஞ்சில் இருந்தவர் கேட்டார். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். நிரூபிக்கவில்லை என்பது முடிவு. ஏன் நிரூபிக்கவில்லை என்று நீதிபதி நினைத்தார் என்பது காரணம். கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாத பையனுக்கு வாத்தியார் முழு மதிப்பெண் போடுவதில்லை. விடை சரியாகவே இருந்தாலும், அவன் போட்டுப் பார்த்து எழுதினானா, எட்டிப் பார்த்து எழுதினானா என்று அவரால் சொல்ல முடியாது.

ஒரு புரோநோட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். தினமும் நடக்கிற வகை. இரண்டு லட்சம் கடன் வாங்கினார் என்கிறார் வாதி. பிரதிவாதி கையெழுத்தை ஒப்புக்கொள்கிறார். ஆனால் முன்பு வாங்கிய ஐம்பதாயிரத்துக்காக வெற்றுப் படிவத்தில் போட்டுக்கொடுத்த கையெழுத்து அது, கடனைத் திருப்பிக் கொடுத்த பிறகும் நோட்டைத் தராமல் வைத்துக்கொண்டு நிரப்பிவிட்டார் என்கிறார். வாதி தரப்பின் முதல் சாட்சி (வா.சா.1) வாதி, இரண்டாம் சாட்சி (வா.சா.2) நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

இந்த வழக்கில் இப்படி ஒரு தீர்ப்பு வரலாம்: வா.சா.1, வா.சா.2 ஆகியோரின் சாட்சியம் நம்பும்படி உள்ளது. பிரதிவாதியின் எதிர்வாதம் ஏற்கத்தக்கதல்ல. வழக்கு செலவுத் தொகையுடன் டிக்ரி செய்யப்படுகிறது. படிக்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் இதே மூன்று வாக்கியத்தை வெட்டி இன்னொரு புரோநோட்டு வழக்கில் ஒட்டினாலும் பொருந்தும். எந்த வழக்குக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்த வழக்குக்கான காரணமாக இருக்க முடியாது. தீர்ப்பைக் கையில் வாங்கியதும் நான் செய்கிற முதல் சோதனை இதுதான்.

இன்னொரு விதமாகவும் எழுதலாம். கையெழுத்தைப் பிரதிவாதி ஒப்புக்கொள்வதால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ஆம் பிரிவின்படி பணம் கைமாறியதாக அனுமானிக்க வேண்டும். அதை முறியடிக்கும் பொறுப்பு பிரதிவாதியுடையது. அவர் காட்டுவது இரண்டு. ஒன்று, பணம் கொடுத்த இடம் தன் கடை என்று வாதி சொல்ல, பிரதிவாதியின் வீடு என்று வா.சா.2 குறுக்கு விசாரணையில் சொல்கிறார். இன்னொன்று, அந்த வாரம் வாதியின் வங்கிக் கணக்கில் எட்டாயிரம்தான் இருந்தது. இடத்தைப் பற்றிய முரண் நான்கு வருடம் கழித்துச் சாட்சி சொல்பவருக்கு இயல்பானது என்று விட்டுவிடலாம். ஆனால் இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது வாதி முதலில் நெல் விற்ற பணம் என்றும் பிறகு சீட்டுப் பணம் என்றும் மாற்றிச் சொன்னதால், அனுமானம் முறிந்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். வாதியின் வக்கீல் மேல்முறையீட்டில் போய், நெல்லும் சீட்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல, இரண்டும் சேர்ந்த தொகைதான் அது, கீழமை நீதிமன்றம் சாட்சியத்தைத் தவறாகப் படித்துவிட்டது என்று வாதாடலாம். வாதாட ஒரு பிடி இருக்கிறது. முதல் வகைத் தீர்ப்பில் அந்தப் பிடியே இல்லை. தவறான காரணத்தைத் திருத்த மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. சொல்லாத காரணத்தை எந்த நீதிமன்றமும் திருத்த முடியாது.

கனடாவில் ஷெப்பர்ட் வழக்கு என்று ஒன்று உண்டு. நியூஃபவுண்ட்லாந்தில் ஒருவர் மீது, திருட்டுப் போன இரண்டு ஜன்னல்களை வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. அவருக்கு எதிராக இருந்த முக்கியச் சாட்சியம், உறவு கசந்து பிரிந்த பழைய காதலியின் வார்த்தை. தன்னிடம் அவர் ஒப்புக்கொண்டார் என்றார் அந்தப் பெண். அவர் சொல்வதை நம்பலாமா என்பதுதான் வழக்கே. விசாரித்த நீதிபதியோ, எல்லாச் சாட்சியத்தையும் கருத்தில் கொண்டேன், நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது என்பதையும் சாட்சிகளின் நம்பகத்தன்மையை எப்படி எடைபோட வேண்டும் என்பதையும் நினைவில் நிறுத்திக்கொண்டேன், குற்றவாளி என்று காண்கிறேன் என்ற பொருளில் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பை முடித்துவிட்டார். 2002-இல் கனடா உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனை நிற்காது என்றது. நீதிபதி பின்னி எழுதிய அந்தத் தீர்ப்பின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ் நீதிபதியிடம் அழகான உரைநடையோ, அப்பழுக்கில்லாத தர்க்கமோ அவர் கேட்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் வேலையைச் செய்ய இந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கிறதா? தண்டிக்கப்பட்டவருக்குத் தான் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்று தெரிகிறதா? கேள்வி அவ்வளவுதான். பதிவில் உள்ள சாட்சியத்தைப் படித்தாலே காரணம் தெளிவாகத் தெரிகிற வழக்கில் சுருக்கமான தீர்ப்பும் போதும். ஒரே ஒரு சாட்சியின் நாணயத்தில் வழக்கே தொங்கும்போது, அவரை ஏன் நம்பினேன் என்று சொல்லாத தீர்ப்பு போதாது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பல முறை, பல விதமாகச் சொல்லியிருக்கிறது. 1976-இல் சீமென்ஸ் இன்ஜினியரிங் வழக்கில் நீதிபதி பகவதி, காரணம் சொல்வதும் எதிர்த்தரப்பைக் கேட்பதைப் போலவே இயற்கை நீதியின் அடிப்படை விதி என்றார். இரண்டையும் சேர்த்து வைத்தது வெறும் அலங்காரமில்லை. உங்களைக் கேட்டேன் என்று ஒரு நீதிபதி சொன்னால் அதற்குச் சான்று எங்கே இருக்கிறது? நீங்கள் சொன்ன வாதத்தை எடுத்து, அது ஏன் எடுபடவில்லை என்று அவர் எழுதும் அந்தப் பத்தியில்தான். அந்தப் பத்தி இல்லாவிட்டால், கேட்டாரா கேட்கவில்லையா என்று பெரியவர் சந்தேகப்படுவதை எப்படிக் குறை சொல்வது? 2010-இல் கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் காரணமின்றித் தள்ளுபடி செய்த மனுவைத் திருப்பி அனுப்பியபோது, நீதிபதி கங்குலி இந்த விஷயம் பற்றிய சட்டத்தை முழுமையாகத் தொகுத்துத் தந்தார். ரப்பர் ஸ்டாம்ப் போட்டதுபோல வரும் காரணங்களைக் காரணமாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதில் ஒன்று.

பெரியவர் இன்னொரு யோசனை சொன்னார். "ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்டா என்ன? ஏன் இப்படித் தீர்ப்புக் கொடுத்தீங்கன்னு?" ஆந்திராவில் ஒருவர் இதைச் செய்தே பார்த்துவிட்டார். 2010-இல் கானாபுரம் கண்டையா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது முடியாது என்றது. தீர்ப்பில் சொன்னதைத் தாண்டி, ஏன் இப்படி முடிவெடுத்தேன் என்று விளக்க எந்த நீதிபதியும் கடமைப்பட்டவர் இல்லை. தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். நீதிபதியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. சரியான முடிவுதான். நீதிபதி வெளியே வந்து பேட்டி கொடுக்கத் தொடங்கினால் எந்தத் தீர்ப்புக்கும் முடிவே இருக்காது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நீதிபதி பேசுவதற்கு இருக்கிற ஒரே இடம் தீர்ப்பு என்றால், அந்த இடத்தில் பேசியே ஆக வேண்டும்.

காரணம் எழுதும் கடமை வாசிப்பவருக்காக மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எழுதுபவருக்கும் அது தேவை. வாதம் முடிந்ததும் மனசுக்குள் ஒரு முடிவு வந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான், இரண்டாவது எழுவினாவில் சொல்வதும் நான்காவதில் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பது தெரியும். முடிவை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1953-இல் முடிவான சுரேந்திர சிங் வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வைச் சேர்ந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் தீர்ப்பில் கையெழுத்திட்ட பிறகு, அது திறந்த நீதிமன்றத்தில் அறிவிக்கப்படும் முன்பே இறந்துவிட்டார். மற்றவர் அதை அறிவித்தார். அது தீர்ப்பே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அறிவிக்கும் நிமிடம் வரை ஒரு நீதிபதி மனம் மாறலாம். கையெழுத்துப் போட்ட பிறகும் மாறலாம். அந்த வாய்ப்பை யாரும் பறிக்கக் கூடாது என்றார் நீதிபதி விவியன் போஸ். கொலை வழக்கின் மேல்முறையீடு அது. எழுதிப் பார்க்கும்போது மனம் மாறும் அந்த ஒரு வாய்ப்பில் ஒருவரின் உயிரே இருக்கலாம்.

உயிர் என்றதும் சொல்ல வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. காரணம் கேட்பதன் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 367-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு இப்படி இருந்தது: மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் நீதிபதி வேறு தண்டனை கொடுத்தால், ஏன் மரண தண்டனை கொடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். தூக்கு என்பது வழக்கம். உயிரோடு விடுவது விலக்கு. 1955-இல் நாடாளுமன்றம் அந்த உட்பிரிவை எடுத்துவிட்டது. பிறகு இரண்டுக்கும் நடுவே எடை சமமானது. 1973-இல் புதிய சட்டம் வந்தபோது 354-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு முழுக்கத் திரும்பி நின்றது. எந்தத் தண்டனையானாலும் காரணம் வேண்டும். மரண தண்டனையென்றால் சிறப்புக் காரணம் வேண்டும். இன்றைய 393-ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது.

கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை என்ற தேர்வில் எதுவும் மாறவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு தந்த தேர்வு அதுதான். மாறியது, எந்தத் தண்டனைக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது மட்டும். ஆனால் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மரண தண்டனையை 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்குள் அடைத்தபோது, அதற்கு ஊன்றுகோலாக நின்றது இந்தச் 'சிறப்புக் காரணம்' என்ற இரண்டு சொல்தான். குற்றத்தை மட்டும் பார்க்காமல், குற்றவாளியின் வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும் என்ற நிலை அங்கிருந்து வந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தால் காரணம் எழுத வேண்டுமோ, அந்தப் பக்கம் சாய நீதிபதி தயங்குவார். தயங்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் அதைக் கேட்கிறது.

எல்லா உத்தரவுக்கும் இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டாம். வாய்தா போடுவதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. ஜாமீன் உத்தரவில் சாட்சியத்தை அலசக் கூடாது. ஆனாலும் ஜாமீன் கொடுத்ததற்கும் மறுத்ததற்கும் சுருக்கமான காரணம் இருக்க வேண்டும் என்று 2019-இல் மகிபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமே அரசியல் சாசனத்தின் 136-ஆவது கூற்றின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களை ஒற்றை வரியில் தள்ளுபடி செய்கிறது. "டெல்லியிலேயே தள்ளிட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2000-இல் குஞ்ஞயம்மது வழக்கில் இதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. காரணமில்லாமல் தள்ளுபடியான சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்ற முத்திரை ஆகாது. இந்த வழக்கில் நாங்கள் தலையிடவில்லை என்பதோடு அதன் பொருள் முடிந்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் கடமை கொஞ்சம் நுட்பமானது. பெரியவருக்கு அடுத்துப் போக வேண்டிய இடமும் அதுதான் என்பதால் அவரிடம் இதை நிதானமாகச் சொன்னேன். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்யும்போது, அதில் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்தக் காரணங்களோடு உடன்படுகிறேன் என்றால் போதும் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2001-இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் அதற்கு ஓர் எல்லை போட்டது. உடன்படுகிறேன் என்ற சொல், வேலையிலிருந்து நழுவும் வழியாகிவிடக் கூடாது. கீழ் நீதிமன்றத்தின் முடிவை மாற்றுவதாக இருந்தால், அந்த நீதிபதி சொன்ன காரணங்களோடு நேருக்கு நேர் மோதி, அவை ஏன் நிற்காது என்று எழுத வேண்டும். ஆனால் கீழ்த் தீர்ப்பிலேயே காரணம் இல்லாதபோது உடன்பட என்ன இருக்கிறது? அந்த இடத்தில் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவேட்டைத் தானே திறந்து, பத்திரத்தையும் கமிஷனர் அறிக்கையையும் படித்து, தானே காரணம் எழுத வேண்டும். சாட்சியம் போதுமானதாக இருந்தால் அதையே செய்யச் சொல்கிறது சட்டம். வழக்கைத் திருப்பி அனுப்புவது கடைசி வழி. எழுபதைக் கடந்த மனிதருக்கு, வழக்கு மறுபடியும் முதலிலிருந்து என்பதைவிடக் கொடுமை வேறில்லை.

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு தருகிற பழக்கமும் உண்டு. 1983-லேயே ஜக்தேவ் சிங் தல்வண்டி வழக்கில் இது வேண்டாம் என்று அரசியல் சாசன அமர்வு உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் 2020-இல் ஒரு வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் ஜனவரி 21-ஆம் தேதி முடிவை அறிவித்தது. காரணம் அக்டோபர் 9-ஆம் தேதிதான் வெளியானது. நடுவில் தோற்றவர் கையில் ஒன்றுமில்லை. உத்தரவு மட்டும் அவர் தலைமேல் இருக்கிறது. எதை எதிர்த்து மேலே போவது? உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. தாமதம் இன்னொரு விதத்திலும் கெடுதல். பாட்னா உயர் நீதிமன்றத்தில் வாதம் முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்த அனில் ராய் வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் கட்சிக்காரர்களுக்கே ஓர் உரிமை கொடுத்தது. ஒத்திவைத்து மூன்று மாதமாகியும் தீர்ப்பு வராவிட்டால் விரைவில் வழங்கக் கோரி மனுப் போடலாம். ஆறு மாதமாகிவிட்டால் வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். இரண்டு வருடம் கழித்து எழுதும்போது சாட்சியின் முகமோ வக்கீலின் வாதமோ யார் நினைவில் இருக்கும்?

காரணம் எழுதச் சொன்னால் சிலர் நீளமாக எழுதிவிடுகிறார்கள். நீளம் வேறு, காரணம் வேறு. மனு முழுதையும் எடுத்து ஒட்டி, பதில் மனு முழுதையும் எடுத்து ஒட்டி, பத்து முன்தீர்ப்புகளிலிருந்து பத்தி பத்தியாக ஒட்டினால் எழுபது பக்கம் வந்துவிடும். ஒரு காரணமும் வராது. 2022-இல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில், இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் படித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள், என்ன சொல்லியிருக்கிறது என்றே புரியவில்லை என்றார்கள். அந்த வழக்கில் நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு எழுதும் முறையையே பாடமாகச் சொன்னார்: பிரச்சினை என்ன, அதற்கான சட்டம் என்ன, அந்தச் சட்டம் இந்த நிகழ்வுகளுக்கு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. பத்திகளுக்கு எண் போட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது.

மொழியும் இதில் சேரும். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், அரசியல் சாசனத்தின் 348-ஆவது கூற்றால், ஆங்கிலம். தோற்றவருக்காக எழுதிய காரணத்தைத் தோற்றவரே படிக்க முடியாத நிலை அங்கே வந்துவிடுகிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. கேட்டால், முடிந்தவரை அவர் மொழியிலேயே மொழிபெயர்ப்பும். உச்ச நீதிமன்றம் இப்போது தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் இணையத்தில் தருகிறது. நல்ல தொடக்கம், இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

நீதிபதிகள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாட்டில் 5 கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவையில் கிடக்கின்றன. பகல் முழுதும் சாட்சி, வாதம், மனு. தீர்ப்பு எழுத மிஞ்சுவது இரவும் ஞாயிற்றுக்கிழமையும். பல சார்பு நீதிபதிகளும் முன்சீப்புகளும் வீட்டுக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவதை நாங்கள் பார்க்கிறோம். அந்த நெருக்கடியில் ஆயத்த வாக்கியம் கை கொடுக்கும் என்று தோன்றுவது மனித இயல்பு. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. எதைக் கேட்டாலும் வழவழவென்று காரணம் எழுதித் தரும். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் கீழ் உள்ள நீதிமன்றங்களுக்கு, முடிவெடுக்கவோ காரணம் எழுதவோ இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கை வகுத்தது. அது சரியென்றே நினைக்கிறேன். சாட்சியை நேரில் பார்த்தவர் நீதிபதி. அவர் மனசில் ஓடியது என்ன என்பதைத்தான் தோற்றவர் கேட்கிறார். இன்னொன்று எழுதிக் கொடுத்ததை அல்ல.

நீதிமன்றத்துக்கு வெளியேயும் இந்தக் கடமை இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. பட்டா மாறுதல் மனுவை நிராகரிக்கும் வட்டாட்சியரோ, உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரியோ, பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(ஈ) பிரிவு அதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. உத்தரவில் ஒன்றைச் சொல்லிவிட்டு, வழக்கு வந்ததும் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கவும் முடியாது. 1977 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது பற்றிய மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை நிலைநாட்டினார். உத்தரவு போட்ட அன்று அதில் என்ன எழுதியிருந்ததோ, அதை வைத்துத்தான் அதன் தலைவிதி.

பெரியவரிடம் கடைசியாகச் சொன்னது நடைமுறை விஷயம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தீர்ப்பு எதிராக வந்தால், வாசித்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். உரிமையியல் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். சான்றிட்ட நகல் தயாராக ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. நகல் வந்ததும் வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை படியுங்கள். உங்கள் ஆவணங்களின் வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி, தீர்ப்பில் ஒவ்வொன்றைப் பற்றியும் நீதிபதி என்ன சொல்லியிருக்கிறார் என்று எதிரே குறியுங்கள். பட்டியலில் பெயர் மட்டும் வந்து, காரணம் சொல்லும் இடத்தில் வராத ஆவணம் எது, சாட்சி யார் என்று தெரிந்துவிடும். மேல்முறையீட்டு மனுவின் முதல் காரணமாக அதையே எழுதச் சொல்லுங்கள்.

காரணம் சரியாக இருந்து, படித்துப் பார்த்தபின் நீதிபதி சொல்வது நியாயம்தான் என்று பட்டால், மேல்முறையீட்டுக்கு எடுத்து வைத்த பணத்தைக் கொண்டு வேறு வேலையைப் பாருங்கள்.